கிறிஸ்துமஸ் பாடம்: ஓர் ஆசிரியரின் கேள்வி

நமது சங்கத்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஜப்பான் தேசத்தின் சிற்றூர் ஒன்றில் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் உத்தியோகத்தில் இருந்து வருகிறார். அவருடைய தகப்பனார் நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஜவுளி வியாபாரி. கல்லாவில் உட்காரச் சொன்னார், மகன் உட்காரவில்லை. படித்த ஆங்கிலத்தையே சரக்காக எடுத்துக் கொண்டு விமானம் ஏறி விட்டார். அந்நாட்டார் 1987-ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு இளைஞர்களைத் தங்கள் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களாக அழைத்து வருகிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் சிலர் போய் வருகிறார்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், நல்ல பெயர் எடுத்தால் புதுப்பிப்பார்கள், ஐந்தாண்டுக்கு மேல் கிடையாது.

சென்ற நவம்பரில் அவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. டிசம்பர் மாதத்துக் கடைசி வகுப்பில் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் அணிந்து, மிட்டாய் மூட்டையைத் தோளில் போட்டுக் கொண்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவாக வரும்படி பள்ளியில் அவரைக் கேட்டிருக்கிறார்கள். முந்தின ஆண்டிலும் கேட்டார்கள். அவரும் விளையாட்டுத்தானே என்று செய்து விட்டார். அப்போது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவருடைய அங்கியைப் பிடித்துக் கொண்டு, “ஸார், தாத்தா உங்கள் வீட்டுக்கும் வருவாரா?” என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே பார்த்துக் கொண்டிருந்தது. அவர், “ஆம், வருடந்தோறும் வருவார்” என்று சொல்லி விட்டார். அந்தப் பிள்ளை சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கள் வீட்டுக்கு வந்ததேயில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?” என்றாளாம்.

“மாமா, வேஷம் போட்டது ஹராமா ஹலாலா என்பதை இங்குள்ள ஆலிமிடம் கேட்டுக் கொள்வேன். அந்தப் பொய்யைப் பற்றித்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்த வருஷம் நான் என்ன செய்யட்டும்?” என்று கடிதம் முடிந்திருந்தது.

இது எங்கோ இருக்கும் ஓர் ஆசிரியரின் சங்கடம், வியாபாரிகளாகிய நமக்கு இதில் என்ன என்று அன்பர்கள் எண்ணி விடக்கூடாது. நம்மில் பலருடைய பேரப்பிள்ளைகள் இங்கேயே பாலர் பள்ளியில் காகித நட்சத்திரம் வெட்டிக் கொண்டு வருகிறார்கள். நம்மில் சிலருடைய கடைகளிலே அந்த நட்சத்திரத்துக்கான காகிதமும் விற்பனையாகிறது. நமது பிள்ளைகள் உத்தியோகத்துக்காகப் போகாத தேசமும் இல்லை. ஆகையால் இக்கேள்வியை நாம் சற்று நிதானமாக எடுத்துக் கொண்டோம்.

இஷாவுக்குப் பிறகு நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கடையிலே அக்கடிதத்தைப் படித்துக் காட்டினோம். அங்கிருந்தவர்களில் ஒருவர், “இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வேலையை உதறிவிட்டு வரச் சொல்லுங்கள், அவன் வாப்பா கடை திறந்துதான் கிடக்கிறது” என்றார். மற்றவர், “சம்பளம் கொடுக்கிறவன் சொல்வதைச் செய்வதுதான் வேலை. தாடியை ஒட்டினால் ஈமான் கழன்றா விழும்?” என்றார். இரண்டுமே சட்டென்று வந்த பதில்கள். நம் மனம் இரண்டையும் ஏற்கவில்லை.

முதல் பதிலைச் சொன்னவர் மறந்து விட்ட சங்கதி ஒன்று உண்டு. நமது தலைமுறையில் ஆங்கிலம் படித்தவர்களில் பலர் அதைப் பாதிரிமார் பள்ளியில்தான் படித்தோம். நாமும் அப்படித்தான். 1950-களின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம், பள்ளி நாடகத்தில் நமக்கு ஆட்டிடையன் வேஷம் கிடைத்தது. தலையில் குளியல் துண்டு, கையில் வாப்பாவின் பிரம்பு. வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னோம். வாப்பா மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அந்த ஆட்டிடையன் என்ன செய்வான்?” என்று கேட்டார்கள். “தொட்டிலில் இருக்கும் பொம்மைக்கு முன்னால் முழந்தாளிட வேண்டும்” என்றோம். வாப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கடையை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தார்கள். தமக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களோடு தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அன்று மாலை நமது வேஷம் மாறிவிட்டது. முழந்தாளிட வேண்டாத வேஷம். கதவைத் திறந்து, “இங்கே இடமில்லை” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும் சத்திரக்காரன். வியாபாரி மகனுக்கு அதுவே பொருத்தம் என்று சொந்தக்காரர்கள் வெகுகாலம் கேலி செய்தார்கள்.

அன்றிரவு வாப்பா, திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயமாகிய ஸூரத்து மர்யமில் வரும் சரித்திரத்தைச் சொன்னார்கள். பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடிக்கு வந்ததையும், மரத்தை உலுக்கப் பழம் உதிர்ந்ததையும், தொட்டில் பிள்ளையாகிய ஈஸா நபி (அலை) பேசியதையும் சொன்னார்கள். ஒரே பிறப்பு, பள்ளிக்கூடத்தில் மாட்டுத் தொழுவம், வீட்டில் பேரீச்ச மரம். அவர்கள் இறைவனின் மகன் என்கிறார்கள், நாம் இறைவனின் அடியார், தூதர் என்கிறோம் என்று வாப்பா பிரித்துக் காட்டினார்கள். அந்த வயதில் நமக்குக் குழப்பம் ஏதும் உண்டாகவில்லை. எது நம் வீட்டுப் பேச்சு, எது அடுத்த வீட்டுப் பேச்சு என்று தெரிந்த பிள்ளைக்கு இரண்டையும் கேட்பதால் நஷ்டமில்லை.

ஆகவே கிறிஸ்துமஸ் என்ற சொல் வகுப்பறைக்குள் வரக்கூடாது என்று நாம் சொல்வதற்கில்லை. பிறர் வேதத்தின் கதையைப் படித்தால் நமது மார்க்கம் போய்விடும் என்றால், நாகூரில் பிறந்த நீதிபதி மு. மு. இஸ்மாயீல் அவர்களை என்னவென்பது? சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த அவர் கம்பனில் தோய்ந்த அறிஞர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராயிருந்து இராம காதையை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். 2005-இல் காலமாகும் வரை அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார். தமிழ் மொழியிலே உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இருக்கிறது, வீரமாமுனிவரின் தேம்பாவணியும் இருக்கிறது. மொழி பொதுச் சந்தை. அதில் எல்லோர் சரக்கும் வரும்.

ஆனால் இரண்டாம் பதிலைச் சொன்ன நண்பரை எடுத்துக் கொள்வோம். அவர் சொல்லாமல் விட்டது வாங்குகிறவனைப் பற்றி. சந்தையில் வாங்குகிறவன் பெரியவன். சரக்கைத் தட்டிப் பார்ப்பான், முகர்ந்து பார்ப்பான், விலையைக் குறைக்கக் கேட்பான். ஏழு வயதுப் பிள்ளை எதைத் தட்டிப் பார்க்கும்? ஆசிரியர் ‘மேசை’ என்று சொல்லிக் கொடுத்தாலும் நம்புகிறது, ‘தாத்தா வருவார்’ என்று சொன்னாலும் நம்புகிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இங்கேதான் சொல்லிக் கொடுப்பது வேறு, நம்பச் செய்வது வேறு என்ற வித்தியாசம் எழுகிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையிலே தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரமாயிருந்ததும், வியாபாரி மழையைக் காரணம் சொன்னதும் நமது பெட்டிக்கடைச் சிப்பந்திக்கும் தெரிந்த ஹதீஸ். நனைந்ததை மேலே போட்டிருக்கக் கூடாதா, ஜனங்கள் பார்த்து வாங்குவார்களே என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. நனைந்த தானியத்தை விற்காதே என்பதல்ல. மறைத்து விற்காதே என்பது. பாடத்துக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். ‘கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள், இந்நாளில் இப்படிக் கொண்டாடுகிறார்கள்’ என்று சொல்லும் ஆசிரியர் சரக்கைத் திறந்து காட்டுகிறார். ‘இன்று உலகம் முழுவதும் கிறிஸ்துமஸ், நாமும் கொண்டாடுவோம்’ என்பவர் மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி விட்டார்.

ஏனெனில் ‘உலகம் முழுவதும்’ என்பது உண்மையல்ல. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே அது உண்மையல்ல. நபி ஈஸா (அலை) பிறந்த தேதியை அவர்களுடைய சுவிசேஷங்கள் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற நாள் ரோமாபுரியில் கி.பி. 336-இல்தான் முதன்முதலாகப் பதிவில் காணப்படுகிறது. ரஷ்யாவிலும் எத்தியோப்பியாவிலும் ஜனவரி 7-ஆம் தேதி கொண்டாடுகிறார்கள். ஆங்கிலம் பிறந்த இங்கிலாந்திலேயே 1647-இல் பாராளுமன்றம் அப்பண்டிகையை ஒழித்துச் சட்டம் செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் 1958-இல்தான் பொது விடுமுறையாயிற்று. இவையெல்லாம் பக்தியுள்ள கிறிஸ்தவர்களின் தேசங்களே. ஆங்கிலம் என்றால் கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ் என்றால் ஆங்கிலம் என்று முடிச்சுப் போடுவதற்கு ஆதாரம் அவ்வளவுதான். அந்த இளைஞரே அதற்கு எதிர்ச்சாட்சி: ஆங்கிலம் பேசுகிறார், நோன்பு பிடிக்கிறார்.

இனி ஜப்பானைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நிலத்தின் தன்மை தெரியாமல் விதையைப் பற்றிப் பேசுவது வீண். பிரான்சிஸ் சவேரியார் 1549-இல் அங்கே போய் இறங்கினார். 1614-இல் அத்தேசத்து ஆட்சியாளர் கிறிஸ்தவத்தை நாடெங்கும் தடை செய்தனர். ஒருவர் கிறிஸ்தவரா இல்லையா என்று கண்டுபிடிக்க, ஏசுவின் உருவமோ மர்யம் அம்மையாரின் உருவமோ பொறித்த பலகையைக் காலால் மிதிக்கச் சொன்னார்கள். மிதிக்க மறுத்தவர்கள் உயிரிழந்தார்கள். மறைவிலே நம்பிக்கையைக் காத்த குடும்பங்கள் நாகசாகிப் பக்கத்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தன. தடை அறிவிப்புப் பலகைகள் 1873-இல்தான் எடுக்கப்பட்டன. இன்றும் அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. டிசம்பர் 25 விடுமுறை நாளும் அல்ல.

அப்படியிருந்தும் டிசம்பர் வந்தால் கடைத்தெருவெல்லாம் விளக்குத்தான். ஸ்ட்ராபெரி பழமும் பாலாடையும் வைத்த வெள்ளைக் கேக்குக்கு அன்று தனி மவுசு. 1974-இல் கென்டக்கி கோழிக்கறிக் கடைக்காரர்கள் கிறிஸ்துமஸ் என்றால் கோழி வறுவல் என்று நாடெங்கும் விளம்பரம் செய்தார்கள். இன்று முன்பணம் கட்டிச் சொல்லி வைத்து வாங்குகிறார்கள். வியாபாரிகள் என்ற முறையில் நாம் அதைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. உயிரைக் கொடுத்துக் காத்த பண்டிகை ஒரு கோழிப் பெட்டிக்குள் அடங்கி விட்டது! பினாங்கில் நமக்கொரு தமிழ்க் கிறிஸ்தவ நண்பர் உண்டு. அவரிடம் இதைச் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. “அந்தச் சிவப்புக் கோட்டு எங்கள் பண்டிகையும் இல்லை, பாய்” என்றார். அது நம்மைச் சுட்டது. பிறர் புனிதமென்று கருதுவதை வெறும் வேடிக்கையாக்கித் தருவதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதையல்ல என்பதை நாம் அதுவரை யோசித்ததில்லை.

இதிலே இன்னொரு விந்தை. அந்தத் தாத்தாவின் மூலபுருஷரான நிக்கலஸ் என்ற பாதிரியார் நான்காம் நூற்றாண்டில் மைரா என்னும் ஊரில் இருந்தவர். அந்த ஊர் இன்று துருக்கியிலே இருக்கிறது. வடதுருவப் பனிக்கும் கலைமானுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஏழைகளுக்கு மறைவாகத் தருமம் செய்தவர் என்று பேர் பெற்றவர்.

ஜப்பானியப் பள்ளிச் சட்டமும் நமது இளைஞருக்கு அநுகூலமாகவே இருக்கிறது. 1947-இல் செய்யப்பட்டு 2006-இல் திருத்தப்பட்ட அந்நாட்டுக் கல்விச் சட்டம், அரசாங்கப் பள்ளிகளில் குறிப்பிட்ட ஒரு மதத்துக்கான போதனை கூடாது என்கிறது. அதே சமயம் மதங்களைப் பற்றிய பொது அறிவையும் சகிப்புத்தன்மையையும் மதிக்கச் சொல்கிறது. நமது வாப்பா நாலைந்து ஆங்கிலச் சொற்களில் தலைமையாசிரியரிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுவே.

இனிப் பொய்யின் விஷயம். இதற்கு நாம் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது அவருடைய தாயார், “வா, உனக்கொன்று தருகிறேன்” என்ற பாவனையில் அழைத்தார். வீட்டில் அமர்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடாதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் (ஸல்) எச்சரித்ததாக அபூதாவூதில் வருகிறது. பிள்ளையிடம் சொல்வது பேச்சுக்குச் சொல்வது என்று நாம் நினைக்கிறோம். கணக்கு அப்படி எழுதப்படுவதில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதை எழுதாமல் விட்டால் நாமும் தானியத்தை மறைத்தவர்களாவோம். அந்த வகுப்பில் மற்ற வீடுகளில் தாய் தகப்பன்மார் இரவிலே தலையணையருகே பரிசை வைத்துவிட்டுத் தாத்தா வந்தார் என்று சொல்கிறார்கள். அது அவர்கள் வீட்டுக் கதை. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் நாற்காலியில் ஏறி நின்று, ‘எல்லாம் பொய்’ என்று உடைத்தால், அவர் உண்மையைச் சொன்னவரா, பிறர் வீட்டுக்குள் அழைக்காமல் புகுந்தவரா? நாம் இதில் சில நாள் தடுமாறினோம். முடிவில், தம்முடைய வீட்டைப் பற்றி அவர் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர், பிறர் வீட்டைப் பற்றிப் பேச அவருக்கு அதிகாரமில்லை என்று நமக்குத் தோன்றியது. அந்தச் சிறுமியின் விஷயம் மட்டும் வேறு. அவள் கேட்டது தாத்தாவைப் பற்றியல்ல, தன்னைப் பற்றி. நல்ல பிள்ளைக்கே பரிசு என்ற கதையில் ஏழை வீட்டுப் பிள்ளை கெட்ட பிள்ளையாகி விடுகிறது. இந்தக் கணக்குப் பிழையை உண்டாக்கியதில் நமது இளைஞருக்கும் பங்குண்டு. அதைத் திருத்தாமல் ஊர் திரும்பக்கூடாது.

இப்படியாக நாம் அவருக்கு எழுதினோம்: “தம்பி, வேலையை உதற வேண்டாம். தலைமையாசிரியரிடம் நேரில் போய்ப் பணிவாகச் சொல்லுங்கள். நான் முஸ்லிம், இவ்வேஷம் என்னால் ஆகாது, ஆனால் பாடத்தை விட்டு ஓடவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் ஊரின் பண்டிகைகளையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுங்கள்; கிறிஸ்துமஸையும் அதில் சேருங்கள்; அது யாருடைய பண்டிகை, எதனால் பண்டிகை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒப்பந்தம் போனாலும் போகட்டும். போகும் என்றே வைத்துக் கொண்டு பேசுங்கள்.” கடைசி வரியை எழுதும்போது நமக்குக் கை சற்றுத் தயங்கிற்று. சம்பளம் நம்முடையதல்லவே.

வாழ்த்துச் சொல்லலாமா கூடாதா என்பதைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் நுழையவில்லை.

ஜனவரியில் பதில் வந்தது. தலைமையாசிரியர் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் கலக்கிக் கொண்டிருந்தாராம். பிறகு, “முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றாராம். அது கோபமா, வருத்தமா என்று இளைஞருக்குப் புரியவில்லை. சிவப்பு அங்கியை உடற்பயிற்சி ஆசிரியர் போட்டுக் கொண்டார். நமது இளைஞர் சிங்கப்பூரின் ஒரு வருஷத்து நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், விசாக தினம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தார். பிள்ளைகள் மிகவும் விசாரித்தது நோன்பைப் பற்றியாம். தண்ணீர் கூடவா குடிக்கக்கூடாது என்று மூன்று முறை கேட்டார்களாம்.

வகுப்பு முடிந்ததும் அந்தச் சிறுமியைத் தனியே அழைத்து, “தாத்தா என் வீட்டுக்கு வந்ததில்லை. போன வருஷம் தவறாகச் சொல்லி விட்டேன். வராததற்கு நீ செய்த தப்பு காரணமில்லை” என்று தெரிந்த ஜப்பானிய மொழியில் சொல்லியிருக்கிறார். அவள் அதைக் கேட்டு அதிசயப்பட்டதாகத் தெரியவில்லை. உம்மா வீட்டிலிருந்து அனுப்பியிருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றைக் கொடுத்தார். தின்றுவிட்டுக் கொட்டையைக் கையில் வைத்துக் கொண்டு, இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று கேட்டாளாம். பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது இன்னும் தெரியவில்லை.